எண்பத்தெட்டு புள்ளி ஒன்று

ஏப்ரல் 4

மாப்பிள்ளைக்கு,

ஜூன் முப்பதாம் தேதி நீங்கள் ஓய்வு பெறுவதாகத் தங்கை போனில் சொன்னாள். "அண்ணா, மூணு வருஷம் ஆச்சு. என் பொண்ணு கல்யாணத்துக்குத்தான் வரலை, இதுக்காவது வந்துடு" என்றாள். வருவதும் வராததும் உன் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். உங்களோடு போனில் பேச மாட்டேன். போனில் சொன்னதற்குத் தேதியும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

நான் கேட்பது ஒன்றுதான். பரிசோதனைக்கூடத்தின் பதினான்காம் பதிவேட்டில், 212-ஆம் பக்கத்தில், என் கையெழுத்துக்கு மேலே சிவப்பு மையில் இரண்டு சொற்கள் எழுதினீர்கள். 'ஆபரேட்டர் பிழை.' அந்த இரண்டையும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நீங்கள் அடித்தாக வேண்டும். தலைமை வேதியியலர் எழுதியதை எழுதியவரே திருத்த வேண்டும் என்பது விதி. உங்களுக்குப் பின் வருகிறவர் நினைத்தாலும் முடியாது. இன்று தொடங்கி எண்பத்தேழு நாள் இருக்கிறது.

நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதத்தை நாளைக்கு யாராவது பதிவேட்டோடு சேர்த்துத் தைத்தால் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும்.

நான் ஓட்டியது ரோட்டில் ஓடும் எஞ்சின் இல்லை. ஒரே ஒரு சிலிண்டர், ஆள் உயரம், தரையில் போல்ட் போட்டு இறுக்கியது. கைப்பிடியைச் சுற்றினால் சிலிண்டர் கீழே இறங்கி உள்ளே அழுத்தம் கூடும். கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், தீ வந்து சேரும்வரை பொறுக்காமல் மிச்சப் பெட்ரோல் தானாக வெடிக்கும். இரும்பைச் சுத்தியால் தட்டுகிற சத்தம். அந்தத் தட்டலை எந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்குகிறதோ, அதுதான் அதன் ஆக்டேன் எண். மீட்டர் முள் அசைவதற்கு முன்பே என் காதுக்குக் கேட்டுவிடும். கூடத்தில் எனக்குக் 'காது' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நீங்களும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறீர்கள், நான் இல்லாத இடத்தில்.

மூன்று ஆண்டுக்கு முன், பிப்ரவரி பதினாறு. ஆற்றங்கரைக் கிடங்கின் ஏழாம் தொட்டியிலிருந்து மாதிரி வந்தது. பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கலக்காத அடிப் பெட்ரோலுக்கு 87.6. எத்தனால் சேர்ந்ததும் 91-ஐத் தாண்ட வேண்டும். என் எஞ்சினில் 88.1 வந்தது. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதுதான். மறுநாள் காலை அதே தொட்டியிலிருந்து வேறு மாதிரி கொண்டுவரச் சொன்னீர்கள். அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் ஓட்டினார். 91.4. உடனே சிவப்புப் பேனாவை எடுத்தீர்கள். ஏன் என்று கேட்டேன். "விடுங்க மச்சான், இதைப் பெருசு பண்ணாதீங்க" என்றீர்கள். அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார்.

இருபத்தொன்பது ஆண்டு ஓட்டிய எஞ்சினை அன்று மதியம் நிறுத்திவிட்டு வந்தவன் நான். அந்த இரண்டு சொற்களை அடியுங்கள், வருகிறேன். அடிக்காவிட்டால் என் பெயரை விருந்தினர் பட்டியலிலிருந்து அடியுங்கள்.

உங்கள் மனைவியின் அண்ணன்.


ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் தங்கை உறையைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். படித்ததும் அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே கேட்டாள், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன கேஸ்கட்டா? இந்தப் பக்கமும் சூடு, அந்தப் பக்கமும் அழுத்தம்." உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் திறமையை நான் எப்போதும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் ஒரே தொட்டிக்கு இரண்டு எண்கள் என் மேசைக்கு வந்தன. மூன்று எண் வித்தியாசம். இரண்டாவது மாதிரியை நானும் பக்கத்தில் நின்று மூன்று முறை ஓட்டிப் பார்க்க வைத்தேன். 91.4, 91.3, 91.4. தொட்டியை விடுவிக்க வேண்டிய அவசரம். லாரிகள் வாசலில் நின்றன. 88.1-க்கு ஏதாவது காரணம் எழுதியாக வேண்டும். படிவத்தில் இருந்த காரணங்களில் ஒன்றை எழுதினேன். அது உங்கள் மானத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

பதிவேட்டில் எழுதியதை ஆதாரம் இல்லாமல் அடிக்க முடியாது. அதுவும் விதிதான். புது ஆதாரம் ஏதாவது இருந்தால் வேறு பேச்சு. அன்றைய மாதிரியைப் பற்றி இன்னும் சில வரி எழுதத் தொடங்கினேன். எழுதாமல் விடுகிறேன்.

விழாவில் முன்வரிசை நாற்காலி உங்களுடையது. யார் வராவிட்டாலும் அதில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன்.

அன்புடன், மாப்பிள்ளை.


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

நாற்காலி கேட்டா எழுதினேன்? என் வீட்டில் மூன்று இருக்கிறது.

படிவத்தில் இருந்த காரணங்களில் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுக் காரணம் உண்டு அந்தப் படிவத்தில். எனக்கு மனப்பாடம். அந்த எட்டில் உங்கள் விரல் என் பெயரில் போய் நின்றது. ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் பட்டம் இருக்கிறது. நான் எஞ்சினோடு வந்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் படித்தவன். அந்த எஞ்சினை முதலில் பிரித்துப் பூட்டியது யார்? மழைநாளில் காற்றின் ஈரத்தால் எண் தவறுகிறது என்று கண்டுபிடித்து ஐஸ் பெட்டி வழியாகக் காற்றைச் செலுத்தியது யார்? கையேட்டில் அது அறுபதாம் பக்கத்தில் இருந்தது. பட்டம் வாங்கியவர்கள் அதுவரை ஐம்பத்தொன்பதைத் தாண்டவில்லை.

ஆபரேட்டர் பிழை என்றால் என்ன? கைப்பிடியைத் தப்பாகச் சுற்றுவது, மீட்டரைத் தப்பாகப் படிப்பது, ஒப்பிடும் பெட்ரோலை மாற்றி ஊற்றுவது. மூன்று முறை ஒரே தவறை ஒரே அளவில் செய்கிறவன் தவறு செய்யவில்லை, அளந்திருக்கிறான்.

இதுவரை எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அந்தத் தொட்டியில் எத்தனால் இல்லை. அதனால்தான் அடிப் பெட்ரோலின் எண்ணை ஒட்டி 88.1 வந்தது. கிடங்குக்காரர்கள் கலக்காமல் விட்டார்கள். நான் எண்ணைச் சொன்னதும் யாரோ அவர்களுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். இரவோடு இரவாகக் கலந்தார்கள். காலையில் வந்த மாதிரி 91.4 காட்டாமல் என்ன செய்யும்? தகவல் கொடுத்தது யார் என்று நான் எழுதப் போவதில்லை. 88.1 என்ற எண் அன்று மாலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான்.

இங்கே சும்மா இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள், புல்வெட்டி, படகு என்று எஞ்சின் இருக்கிற எதுவும் என் பட்டறைக்கு வரும். பெஞ்சில் ஒரு பழைய ஒற்றை சிலிண்டரைப் பூட்டியிருக்கிறேன். அழுத்தத்தை மாற்ற முடியாது. அதனால் தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுகிறேன். எத்தனை டிகிரியில் தட்டத் தொடங்குகிறது என்று குறிக்கிறேன். ஆக்டேன் எண் கிடைக்காது. ஆனால் எந்தப் பெட்ரோல் அதிகம் தாங்குகிறது என்று என் காதுக்குத் தெரியும். காது இன்னும் ஓய்வு பெறவில்லை.

தங்கையிடம் சொல்லுங்கள், இரண்டு இரும்புக்கும் நடுவே கேஸ்கட் இல்லாவிட்டால் எஞ்சினே ஓடாது என்று.

அண்ணன்.


ஏப்ரல் 28

மச்சானுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தை உங்கள் தங்கையிடம் கொடுக்கவில்லை. கேஸ்கட்டைப் பற்றிய வரியை மட்டும் சொன்னேன். சிரித்தாள். மீதியைக் கேட்டாள். எஞ்சின் சமாசாரம் என்றேன்.

முப்பத்தொரு ஆண்டு உங்கள் வீட்டு மாப்பிள்ளையாக இருக்கிறேன். நீங்கள் என்னைப் பலமுறை திட்டியிருக்கிறீர்கள். கஞ்சன் என்றீர்கள், பயந்தாங்கொள்ளி என்றீர்கள், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத வேதியியலர் என்று என் மகளின் பள்ளி விழாவிலேயே சொன்னீர்கள். மூன்றும் ஓரளவு உண்மை. திருடனுக்குத் துணைபோகிறவன் என்று நீங்கள் சொல்வது இதுதான் முதல் தடவை.

கிடங்குக்காரர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தொட்டியில் எத்தனால் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் மாதிரியை எடுத்தவனே நான்தான். மாதிரி எடுக்கும் ஊழியர் அன்று விடுப்பு. நானே கேனை எடுத்துக்கொண்டு போய், நானே தொட்டியின் மேலேறி, நானே நிரப்பிக்கொண்டு வந்தேன். கலந்த ரசீதும் அளவும் அங்கேயே பார்த்தேன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். விழாவுக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

மாப்பிள்ளை.


மே 12

மாப்பிள்ளைக்கு,

போன கடிதத்துக்கு இரண்டு வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபத்தினால் இல்லை. வேலை இருந்தது.

இங்கே ஆற்றைக் கடக்க ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுக்காரர் ஒருவர். என்னை விடப் பத்து வயது சின்னவர், வாய் மட்டும் என்னை விட நீளம். எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தார்.

"பெரியவரே, ஆளு நிறைய ஏறுனா எதிர்த்தண்ணியில பல்லைக் கடிக்குது."

"என்ன பெட்ரோல் போடுற?"

"ஊரே போடுறதுதான். சாராயம் கலந்தது. என் எஞ்சினுக்கு என்னைவிட நல்ல வாழ்க்கை."

"சாராயம் சேர்ந்தா தட்டக் கூடாதே."

"அதை நீங்களே அதுகிட்ட சொல்லுங்க."

எஞ்சினில் கோளாறு இல்லை. டாங்கைக் கொண்டுவரச் சொன்னேன். அதிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் வடித்தேன். மேலே தெளிவாக ஒரு அடுக்கு. அடியில் பால் தெளித்ததுபோல் மங்கலாக இன்னொன்று. எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியைத் தொடாமல் இரண்டு விரல் மேலே நிற்கிறது. ஆகவே மேல் அடுக்கு மட்டும்தான் எஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்தது.

படகில் தண்ணீர் புகாத டாங்க் கிடையாது. எத்தனால் கலக்காத பழைய பெட்ரோலாக இருந்தால் தண்ணீர் பேசாமல் அடியில் கிடக்கும். பெட்ரோல் பெட்ரோலாகவே இருக்கும். எத்தனாலுக்குப் பெட்ரோலை விடத் தண்ணீர்தான் நெருங்கிய சொந்தம். தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு கீழே போய்விடும். இதைச் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம், நானும் நம்பவில்லை. அளந்தேன். பங்கில் புதிதாக வாங்கிய பெட்ரோல் தொண்ணூறு மில்லி, தண்ணீர் பத்து மில்லி, அளவுக் குடுவையில் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். அடியில் பத்து இருக்க வேண்டிய தண்ணீர் பத்தொன்பதுக்கு ஏறி நின்றது. ஒன்பது மில்லி எத்தனால் கட்சி மாறிவிட்டது.

பிறகு பெஞ்ச் எஞ்சினில் ஓட்டினேன். பங்கிலிருந்து வந்த பெட்ரோல் 29 டிகிரி வரை தட்டாமல் தாங்கியது. தண்ணீரில் கழுவி எத்தனாலை இழந்த பெட்ரோல் 24-லேயே தட்டியது. படகுக்காரரின் மேல் அடுக்கு 25. கழுவியதில் பெயிண்ட் கடையில் வாங்கிய உலர்ந்த எத்தனாலை ஐந்து சதவீதம் சேர்த்தேன், இருபத்தாறரை. பத்து சேர்த்தேன், மறுபடியும் 29. இருபது சேர்த்தபோது முப்பத்தொன்றுக்கு மேல் போகவில்லை. முதல் பத்து செய்கிற வேலையை அடுத்த பத்து செய்வதில்லை. எத்தனால் கூடக் கூடக் கார்புரேட்டரின் வெளிப்பக்கம் குளிர்ந்து வியர்த்தது. உள்ளே போகும்போதே சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, தட்டல் தள்ளிப் போவதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டினேன். தாள் இணைத்திருக்கிறேன்.

ஏழாம் தொட்டியில் எத்தனால் இருந்தது. உங்கள் வார்த்தையை ஏற்கிறேன். கிடங்குக்காரர்களைப் பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்களைப் பற்றி எழுதியதையும்.

ஆனால் என் 88.1-ம் இருந்தது. இரண்டும் உண்மையாக இருக்க ஒரே வழிதான் உண்டு. அன்று வந்த கேனுக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. ஒரு லிட்டர் கேனில் ஒரு மேசைக் கரண்டி போதும். மாதிரியைத் திறப்பதற்கு முன் குளிர்பெட்டியில் வைப்பது நம் வழக்கம். குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும். தகரக் கேன், குறுகிய வாய், அடியில் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. நான் மேலிருந்து ஊற்றி ஓட்டினேன். எஞ்சின் தனக்குக் கொடுத்ததற்குச் சரியான எண்ணைச் சொன்னது.

நீங்கள் கேட்ட ஆதாரம் இதுதான். இனி என் கேள்வி. கேனைக் கழுவியது யார்? கழுவிய பின் எவ்வளவு நேரம் கவிழ்த்து வைத்தார்? 'நானே கேனை எடுத்துக்கொண்டு போய்' என்று ஏப்ரல் 28-இல் எழுதியிருக்கிறீர்கள். படிவத்தில் ஏழாவது காரணம், 'மாதிரி எடுத்ததில் பிழை.' எட்டாவதுதான் ஆபரேட்டர். உங்கள் விரல் ஒரு வரி தள்ளிப் போயிருக்கிறது.

அண்ணன்.


மே 20

மச்சானுக்கு,

ஆமாம்.

கேனைக் கழுவியது நான். ஐந்து நிமிடம்கூடக் கவிழ்த்து வைக்கவில்லை. வண்டி காத்திருந்தது. ஊழியர் கழுவினால் முதல் நாளே கழுவி ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வைப்பார், அதனால் அதுவரை தவறு நேரவில்லை, மறுநாள் மாதிரியிலும் நேரவில்லை.

பதினேழாம் தேதி, நீங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுப் போன பிறகு, சாயங்காலம் அந்தக் கேனை நானே காலி செய்தேன். கடைசியில் அரை டம்ளர் அளவுக்கு மங்கலாக ஏதோ வந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு பட்டம் வாங்கியவனுக்கு ஒரு நிமிடம் அதிகம்தான். உங்கள் தெருமுனை வரை வந்தேன். விளக்கு எரிந்தது. மறுவாரம் தணிக்கை. தலைமை வேதியியலரே ஈரக் கேனில் மாதிரி எடுத்தார் என்று எழுத வேண்டும், தணிக்கைக்காரர் அதைப் படிப்பார். திரும்பிப் போய்விட்டேன். நாளை எழுதலாம் என்று நினைத்தேன். நாளை என்பது மூன்று ஆண்டு ஆகிவிட்டது. பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் சொன்னது ஓரளவு என்று எழுதியிருந்தேன். ஓரளவு இல்லை.

கேனை ஏன் கழுவினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் கேன் கழுவும் குழாய்க்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலமே அதைப் பிய்த்து எடுத்து என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். இதோடு அனுப்புகிறேன். கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'மாதிரி எடுக்கும் முன் கேனைத் தண்ணீரில் மூன்று முறை அலசவும். யாராக இருந்தாலும்.'

கூடத்தில் நான் தலைமை வேதியியலராக இருக்கலாம். அந்தக் குழாயடியில் நான் உங்கள் தங்கை புருஷன். அலசாமல் எடுத்துப் போனால் நீங்கள் நான்கு பேர் முன்னால் கேட்பீர்கள். "யாராக இருந்தாலும்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று முன்பு ஒருமுறை கேட்டும் இருக்கிறீர்கள். அதனால் அலசினேன். மூன்று முறை.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 'மாதிரி எடுத்ததில் பிழை' என்று என் பெயரை எழுதி உங்கள் பெயருக்கு மேலிருப்பதை அடித்துவிடுகிறேன். அறிவிப்பைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன். அது உங்கள் கையில்தான் இருக்கிறது, கிழித்துப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. மற்றது, எல்லாவற்றையும் எழுதுவது. நீங்கள் எது சொன்னாலும் எழுதுகிறேன். ஜூன் முப்பதோடு என் பேனாவுக்கு அதிகாரம் முடிகிறது.

மாப்பிள்ளை.


ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

அறிவிப்பு வந்து சேர்ந்தது. என் கையெழுத்துதான். பசைகூட நான் காய்ச்சியதுதான், இன்னும் விடவில்லை.

முதல் வழியையே எடுத்துக்கொள்கிறேன் என்று மே 24-இல் ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியாயிற்று. தபால் பெட்டிக்குப் போகிற வழியில் படகுக்காரர் எதிரே வந்தார். கையில் பெட்ரோல் வாங்கும் கேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், ஈரம்.

"எத்தனை தடவை சொன்னேன்? துணியால துடைச்சு வெயில்ல வைக்காம பெட்ரோல் வாங்குறவன் மடையன்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி பெரியவரே, தெரியாம செஞ்சுட்டேன். நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

தபால் பெட்டிக்குப் போகாமல் பட்டறைக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் கடிதம் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அந்த அறிவிப்பை நான் எழுதியது எத்தனால் வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்னால். அப்போது கேன்களில் தூசியும் துருவும் இருக்கும். அலசினால் நல்லது, தண்ணீர் தங்கினாலும் கெடுதல் இல்லை. எழுதிய அன்று அது சரியான அறிவிப்பு. எத்தனால் கலக்கத் தொடங்கிய ஆண்டு தலைமை அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்கு பக்கம். மேலே கொட்டை எழுத்தில் 'ஆபரேட்டர்களுக்கு, எளிய மொழியில்' என்று போட்டிருந்தது. எளிய மொழியில் என்பதைப் படித்ததும் அதற்கு மேல் படிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பும்போது 'கேன்' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது. எனக்கே கேனைப் பற்றிப் பாடமா என்று தோன்றியது. எஞ்சின் அறையில் எழுதும் மேசை ஆடிக்கொண்டிருந்தது. எட்டாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தேன். அதன் மேல்தான் ஏழு ஆண்டு எழுதினேன். 88.1-ஐயும் அதன் மேல் வைத்துத்தான் எழுதினேன்.

பதிவேட்டில் எழுத வேண்டியது இது. ஒரு சொல்லும் கூடக் கூடாது, குறையவும் கூடாது.

'88.1 என்ற எண் சரி. கேனில் இருந்த பெட்ரோலுக்கு அதுவே எண். கேன் ஈரமாக இருந்தது. ஈரக் கேனில் மாதிரி எடுத்தவர் தலைமை வேதியியலர். கேனைத் தண்ணீரில் அலசச் சொல்லி அறிவிப்பு ஒட்டியவர் ஆபரேட்டர். எத்தனால் வந்த பின்னும் அதை எடுக்காதவர் அவர். அது பற்றி வந்த சுற்றறிக்கையைப் படிக்காதவரும் அவர். ஆபரேட்டர் பிழை என்ற சொற்கள் அடிக்கப்படுகின்றன.'

கடைசி வரி ஏன் என்று கேட்பீர்கள். எஞ்சினை ஓட்டியவன் பிழை செய்யவில்லை. அறிவிப்பு எழுதியவன் செய்தான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதால் இரண்டையும் ஒன்றாக்க விடமாட்டேன்.

மன்னிப்புக் கேட்டு இதில் எங்கும் எழுதவில்லை. தேட வேண்டாம். நீங்களும் எழுத வேண்டாம். தெருமுனை வரை வந்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அண்ணன்.


ஜூன் 14

மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடியே, ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் எழுதிவிட்டேன். கறுப்பு மை. சிவப்பு மேல் ஒற்றைக் கோடு, கீழே இருப்பது படிக்கும்படி. அடித்ததையும் படிக்க முடிய வேண்டும் என்பது விதி.

ஒரே ஒரு சிக்கல். திருத்தத்துக்குக் கீழே சோதனை செய்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேடு கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, தபாலில் அனுப்ப முடியாது. இடம் விட்டிருக்கிறேன். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அதைப் பூட்டுவார்கள். இது உங்களை வரவழைக்க நான் செய்த தந்திரம் இல்லை. விதிப் புத்தகம் இருபத்திரண்டாம் பக்கம். உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எஞ்சின் அறைக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது, பிரித்தால் உள்பக்கம் தெளிவாக இருக்கிறது. மூன்றாம் பத்தி: 'எத்தனால் கலந்த மாதிரிகளுக்கு முற்றிலும் உலர்ந்த கேன்களையே பயன்படுத்தவும்.' உண்மையிலேயே எளிய மொழிதான், மச்சான். எனக்கும் ஒரு பிரதி வந்தது. படித்தேன், கோப்பில் போட்டேன், குழாயடிக்குப் போனபோது மறந்துவிட்டேன். காலுக்கு அடியில் வைத்தவருக்கும் கோப்பில் வைத்தவருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் மேசையாவது ஆடவில்லை.

எடுத்ததும் மேசை ஆடியது. இப்போது இருக்கும் ஆபரேட்டர், "சார், வைங்க சார், எழுதிட்டிருக்கேன்" என்றார். திரும்ப மடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏப்ரல் கடிதம் உட்பட. ஏப்ரல் கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். பிறகு, "மூணு வருஷம். ஒரு கரண்டி தண்ணி" என்றாள். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை.


ஜூன் 21

மாப்பிள்ளைக்கு,

விதிப் புத்தகம் இருபத்திரண்டு இல்லை, இருபத்து மூன்றாம் பக்கம். மற்றது சரி.

முப்பதாம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், வழி தெரியும். முதலில் பதிவேடு, பிறகுதான் விழா. மேடையில் ஏற மாட்டேன், பேச மாட்டேன். என் பேனாவை நானே கொண்டுவருகிறேன், கறுப்பு மை. முன்வரிசை நாற்காலியில் தங்கையை உட்கார வையுங்கள், அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் என்னைத் திட்டுவதானால் அங்கேயே திட்டட்டும். நான்கு பேர் முன்னால் என்றாலும் பரவாயில்லை.

அறிவிப்பைக் கிழிக்கவில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் ஒட்டுவதற்காக எடுத்து வருகிறேன். பசை என்னுடையது.

சுற்றறிக்கையை மேசைக் காலுக்கு அடியிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டாம். நான் எடுக்கிறேன். நான்கு பக்கமும் படிக்க வேண்டும். எந்தக் கால், எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று இந்தக் கடிதம் கண்டதும் அளந்து எழுதுங்கள். ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும், கண் மதிப்பு வேண்டாம். அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டை வெட்டி எடுத்துவருகிறேன்.

அண்ணன்.